போனைத் தமிழில் எடுப்பது யார்

கிளவுட் வேண்டும் என்று எங்கள் கம்பனியில் முதலில் கேட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அதற்குக் குறுக்கே நின்றேன், பழைய ஆள், புதியது எதுவும் பிடிக்காது என்று வெள்ளவத்தை அலுவலகத்தில் ஒரு கதை ஓடியது. பொய். அந்தக் கதையைக் கட்டியவர்களில் ஒருவரும் டீசல் கானோடு வரிசையில் நின்றதில்லை. நான் நின்றேன்.

மருந்தும் குழந்தைப் பால்மாவும் இறக்கி நாடு முழுக்க விநியோகிக்கிற கம்பனி எங்களுடையது. கிளைகளில் பில் அடிப்பது, களஞ்சியத்தில் சரக்கு எவ்வளவு என்று பார்ப்பது, லொறி அனுப்புவது எல்லாம் எங்கள் கணினி அறையை நம்பித்தான் நடந்தன. அந்த அறையை, கடலும் ரயில் பாதையும் தெரிகிற பக்கத்தில் கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் எதை வைத்தாலும் துரு தின்னும். ஏசியின் வெளிப்பெட்டி வாயால் ஊதினால் உதிரும். மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி நானும் எனக்கு அடுத்த நிலையில் இருப்பவரும் தெஹிவளை பெற்றோல் ஷெட்டில் கானுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தோம். அப்போதே சொன்னேன், இந்த சேர்வர் இரும்புகளை நாங்கள் வைத்துக் காப்பாற்றுவது முட்டாள்தனம், இதையே தொழிலாகச் செய்கிற கிளவுட் கம்பனியிடம் கொடுப்போம் என்று.

மேலிடத்துக்கு அது விளங்க இரண்டு ஆட்சி மாற வேண்டியிருந்தது. சரி, விளங்கியதே.

ஏற்பாடு இதுதான். எங்கள் மென்பொருள், தரவு எல்லாம் அவர்களுடைய கட்டடத்துக்குப் போகும். அவர்களே இரவு பகலாகப் பார்த்துக்கொள்வார்கள். கிளையில் ஒருவருக்குப் பில் வரவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் அவர் எங்களை அழைக்க மாட்டார். அவர்களுடைய உதவி மேசைக்கு நேரே அழைப்பார். மூன்று கம்பனிகள் போட்டிக்கு வந்தன. மூன்றும் ஒரே மாதிரிக் கழுத்துப்பட்டி, திரையில் ஒரே மாதிரிப் படம். கம்பனி ஒரு ஆலோசகரைப் பிடித்தது. அவர் ஒரு புள்ளி அட்டவணை தயாரித்தார். பாதுகாப்பு, வேகம், பிரதி எடுத்தல், விலை, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. நான் குறை சொல்லவில்லை. உதவி மேசை என்ற இடத்தில் மட்டும் ‘மொழி: ஆங்கிலம், சிங்களம்’ என்று போட்டிருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டவணையை ஆலோசகர் போட்டார். நிதிப் பணிப்பாளர் பார்த்தார். முகாமைப் பணிப்பாளர் பார்த்தார். ஆலோசகரைத் தவிர எல்லோரும் தமிழர். கம்பனியே தமிழருடையது. ஒருவரின் கண்ணிலும் அது படவில்லை.

எங்கள் அறையில் அழைப்பு எடுத்த எவருக்கும் அது பட்டிருக்கும். கிளிநொச்சிக் களஞ்சியக்காரர் என்னை “அக்கா” என்பார். அக்கரைப்பற்றில் இருக்கிற முஸ்லிம் தம்பி “ராத்தா, இது தொறக்குதில்ல, என்ன செய்ய?” என்பார். ஹட்டனிலிருந்து “மேடம், பில்லு வர மாட்டேங்குது.” மாத்தறையிலிருந்து “மிஸ்.” எனக்கு அடுத்த நிலையில் இருப்பவர் சிங்களவர், மாத்தறைக்காரர். என்னை “அக்கே” என்றுதான் கூப்பிடுவார். இந்த போனை எடுத்து எடுத்தே தமிழ் பழகியவர். அவருடைய தமிழில் ஹட்டன் பாதி, சாவகச்சேரி பாதி, திட்டும்போது மட்டும் அக்கரைப்பற்று. கொழும்பு பள்ளிக்கூடத்தில் மூன்று மொழி படித்த எத்தனை பேருக்கு அது வரும்?

மறுநாள், சோதித்துப் பார்க்க அவர்கள் தந்திருந்த இலக்கங்களில், நானே மூன்று கம்பனியின் உதவி மேசைக்கும் அழைத்தேன். கிளைக்காரி மாதிரி, தமிழில் மட்டும்.

முதலாவது கம்பனி எங்கள் நிதிப் பணிப்பாளருக்குப் பிடித்த கம்பனி. அங்கே ஒரு பெண் எடுத்து, ஆங்கிலமா சிங்களமா என்று கேட்டாள். நான் தமிழ் என்றேன். மறுபடி அதையே கேட்டாள். மூன்றாம் முறை துண்டித்துவிட்டாள்.

இரண்டாவது கம்பனியில் எடுத்தவர் சிங்களவர். கொஞ்சம் திகைத்தார், பிறகு “பொட்டக் இன்ன மிஸ்”, கொஞ்சம் இருங்கள், என்று சிங்களத்தில் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து போனார். காலடிச் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்.

“அக்கா, நான் எக்கவுண்ட்ஸ்ல இருக்கிறன். இது எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் இவருக்குச் சொல்றன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கொழும்பில் எந்தக் கந்தோரிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அவளுக்கு அதற்குச் சம்பளம் கிடையாது.

மூன்றாவது, ஒரு வெளிநாட்டுக் கம்பனி. அவர்களுடைய மேசை சென்னையில். எடுத்தவன் ஆங்கிலத்தில் மந்திரம் மாதிரி ஒப்பித்தான். நான் தமிழில் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, “மேடம், கால் ரெக்கார்ட் ஆகுது. தமிழ்ல பேச பர்மிஷன் இல்லீங்க. ப்ளீஸ், இங்கிலிஷ்லயே சொல்லிடுங்க” என்றான். சென்னையில் இருந்துகொண்டு தமிழைக் கள்ளச்சாராயம் மாதிரி ஒளித்துப் பேசுகிறான். அவனை என்ன சொல்வது? யுத்த காலத்தில் பஸ்ஸில் அம்மாவின் அழைப்பு வந்தால் நானும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசியிருக்கிறேன். கொழும்பில் எல்லோரும் அப்படித்தான்.

அட்டவணையில் நான் ஒரு வரி சேர்த்தேன். கிளையிலிருந்து அழைப்பவர் சிங்களமோ தமிழோ எதில் பேசுகிறாரோ அதிலேயே, எந்த நேரமும், விஷயம் தெரிந்த ஒருவர் பதில் சொல்ல வேண்டும். இது புள்ளிக்கு அல்ல. அது இல்லாத கம்பனியைத் தெரிவு செய்வதே இல்லை.

மத்தியானத்துக்குள் நிதிப் பணிப்பாளர் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். சண்டை பிடிக்கத் தெரியாது, ஆனால் சண்டை வராமல் பார்ப்பதில் கெட்டிக்காரர். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இஞ்ச பாருங்கோ, இதுக்குள்ள ஏன் மொழிப் பிரச்சினையைக் கொண்டு வாறீங்கள்?”

“நான் கொண்டு வரல சேர். கிளையில இருந்து வருது. டெய்லி போன்ல வருது.”

“எங்கட ஆக்களுக்குச் சிங்களம் தெரியும்தானே. சமாளிப்பினம்.”

“அக்கரைப்பற்றுல எவ்வளவு தெரியும்னு பார்ப்பமா? இப்பவே எடுக்கவா?”

“சத்தம் போடாதேங்கோ.” அவர் கதவைப் பார்த்தார். “அவங்கள் என்ன நினைப்பாங்கள்? தமிழ்க் கொம்பனி எண்ட படியால் தமிழ் கேக்குது எண்டு நினைப்பாங்கள். நாங்கள் இவ்வளவு காலமும் இந்த ஊரில தலையைக் குனிஞ்சு வியாபாரம் செய்து வளந்தனாங்கள். எங்கட பழைய கடை கலவரத்தில எரிஞ்ச கதை உங்களுக்குத் தெரியாது.”

“எங்க வீடும்தான் எரிஞ்சது சேர். நான் கொட்டாஞ்சேனை. எங்க அப்பா தலையைக் குனிஞ்சுதான் இருந்தாரு. வீடு எரியாம விட்டுச்சா?”

“உங்களுக்கு வாய் கூட” என்றார் அவர். அது எனக்குப் புதிதல்ல. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள் நான். யாழ்ப்பாணத்தார் கம்பனியில் ஒரு பிரிவுக்குத் தலைவியாக உட்கார்ந்தது இந்த வாயோடுதான்.

அடுத்த கூட்டத்துக்கு முகாமைப் பணிப்பாளரும் வந்தார். நிதிப் பணிப்பாளர் நாகரிகமாகத் தொடங்கினார். வரி நல்ல நோக்கத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் போட்டியைக் குறைத்துவிடும், சக ஊழியர்கள் மனம் புண்படவும் இடமுண்டு என்றார். ‘சக ஊழியர்கள்’ என்றபோது கண் எனக்குப் பக்கத்தில் இருந்த மாத்தறைக்காரர் மேல் போனது.

அவர் நிமிர்ந்தார். “சேர், எனக்கு ஒண்டும் புண்படேல்ல. மாத்தறையில இருக்கிறவன் இங்கிலிஷ்ல கதைக்கோணும் எண்டா அவனுக்கும் பில் வராது. ஹட்டன் ஆள் சிங்களத்தில கதைக்கோணும் எண்டாலும் அதே கேஸ்தான். இதில புண் எங்க?”

“இவ்வளவு தமிழ் எங்கே பழகினீர்?” என்று முகாமைப் பணிப்பாளர் சிரித்தார்.

“ஏச்சு வாங்கிப் பழகினது சேர்.”

அந்தச் சிரிப்போடு விஷயத்தை மூடிவிடப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிபட்டது. மேசை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனை இழுத்து முகாமைப் பணிப்பாளருக்கு முன்னால் வைத்தேன்.

“சேர், ஒரு தரம் நீங்களே எடுங்க. உங்க பேர் சொல்ல வேணாம். நீங்க கிளிநொச்சிக் களஞ்சியம். காலையில லொறி கேட்ல நிக்குது. ஆஸ்பத்திரிக்கு மருந்து போகணும். பில் வரல. தமிழ் மட்டும்.”

“இதென்ன நாடகமே?” என்றார் நிதிப் பணிப்பாளர்.

“விடுங்கோ, எடுத்துப் பாப்பம்” என்றார் முகாமைப் பணிப்பாளர். விளையாட்டுக் குணம் கொஞ்சம் உள்ளவர். முதலாவது கம்பனியின் இலக்கத்தை நான் அழுத்தினேன்.

அவர் நன்றாகத்தான் தொடங்கினார். “வணக்கம், கிளிநொச்சிக் கிளையிலயிருந்து கதைக்கிறன். இஞ்ச பில் வருகுதில்லை.” நல்ல கனத்த குரல்.

அந்தப் பக்கம், ஆங்கிலமா சிங்களமா என்று கேட்டது.

அவர் ஒரு கணம் கூட நிற்கவில்லை. குரல் பாதியாகக் குறைந்தது, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது, அடுத்த வசனம் அழகான ஆங்கிலத்தில் போனது. அதற்கடுத்தது சிங்களத்தில். அந்தப் பக்கத்துப் பெண் ஒரு நிமிடத்தில் வழி சொல்லிக்கொடுத்தாள். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, “எவ்வளவு மரியாதையாய்ச் செய்யினம் பாத்தீங்களே” என்றார்.

தமிழ் மட்டும் என்று சொன்னது அவருக்கு நினைவே இல்லை.

நான் சொன்னேன்: “நீங்க மாறிட்டீங்க சேர்.”

“என்ன?”

“தமிழ்ல தொடங்கினீங்க. அவ கேட்டதும் மாறிட்டீங்க. நாங்க எல்லாருமே மாறுவம், கொழும்புல பழகிப்போச்சு. கிளிநொச்சிக்காரர் எந்தப் பாஷைக்கு மாறுவாரு? அவருக்கு மாற வேற ஒண்ணும் கையில இல்லையே.”

அவர் முகம் சிவந்தது. சிரிப்பு போய்விட்டது. தேநீர் வந்தது, குடித்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் அந்தக் கூட்டம்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரம் இறுதி அட்டவணை கையொப்பத்துக்கு என் மேசைக்கு வந்தது. என் வரி இல்லை. ‘ஆங்கிலம், சிங்களம்’ திரும்பவும் உட்கார்ந்திருந்தது. முதலாவது கம்பனி முதலிடத்தில். தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் என்ற இடத்தில் என் கையொப்பத்துக்குப் புள்ளிக்கோடு.

எடுத்துக்கொண்டு நிதிப் பணிப்பாளரிடம் போனேன். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

“நான் போட மாட்டன்.”

“ஒரு வரிக்காக முழு வேலையையும் நிப்பாட்டப் போறீங்களே?”

“நான் நிப்பாட்டல. நீங்க வேற ஆளை வச்சுப் போடுங்க. என் பேருக்கு மேல மட்டும் இது போகாது.”

“உங்களுக்கும் வயசு வருகுது” என்றார் அவர், மிகவும் மெதுவாக. “கிளவுட் வந்தால் உங்கட பிரிவு சின்னனாகும். அதையும் யோசியுங்கோ.”

“யோசிச்சுட்டுத்தான் கிளவுடையே கேட்டன். என் கதிரை போறதா இருந்தா போகட்டும். போன் போற இடத்துல ஆள் இருக்கணும்.”

வெளியே எல்லாத் தலைகளும் கணினிக்குள் குனிந்திருந்தன. தமிழ்த் தலைகள்தான் அதிகம் குனிந்திருந்தன என்று எழுதினால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். என் பக்கம் வந்து நின்றது மாத்தறைக்காரர் ஒருவர்தான். “அக்கே, போனா ரெண்டு பேரும் போவம்” என்றார். “உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு, வாயை மூடிட்டு வேலையைப் பார்” என்று ஏசி அனுப்பினேன்.

பிறகு சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பஸ்ஸில் வருவேன், கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், இராது. என்னை வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தைச் சொல்கிறேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். மகன் இன்னும் படிக்கிறான். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. “ராத்தா” என்ற குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிடும். கோபம் இருக்கும்வரை நான் நன்றாக வேலை செய்வேன்.

அப்புறம் ஒரு நாள் முகாமைப் பணிப்பாளர் என்னை மட்டும் கூப்பிட்டார். அட்டவணை அவர் மேசையில் கிடந்தது. என் வரி அதில் இருந்தது.

“மூண்டு பேருக்கும் அனுப்பியாச்சு,” என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “என்ன சொல்லினம் எண்டு பாப்பம்.” கதவருகே போனபோது, “அண்டைக்கு நான் மாறினது எனக்குத் தெரியேல்லை” என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அதற்கு மேல் பேச எனக்கும் விருப்பமில்லை.

முதலாவது கம்பனி, தமிழில் செய்தி விட்டால் மறுநாள் திருப்பி அழைப்போம் என்றது. லொறி மறுநாள் வரை கேட்டில் நிற்குமா? மூன்றாவது கம்பனி, தங்கள் மேசையில் நிறையத் தமிழர் இருக்கிறார்கள், ஆனால் மொழிக் கொள்கையை மாற்ற வெளிநாட்டிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றது. இரண்டாவது கம்பனியின் தலைவர் நேரிலேயே வந்தார். சிங்களவர். என் வரியைப் படித்தார், ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்: “தாராளமாக ஆள் வைக்கலாம். எங்களிடம் எத்தனையோ தமிழ்க் கம்பனிகள் இருக்கின்றன. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உங்களுக்கெல்லாம் ஆங்கிலம் போதும் என்று நினைத்திருந்தோம்.”

நிதிப் பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஆட்கள் மேல் வந்தது. என் மேலும் வந்தது. எத்தனை வருடம், எத்தனை கந்தோர், எத்தனை வங்கி. ஒருவரும் கேட்கவில்லை. மறுப்பார்கள் என்று நாங்களே முடிவு செய்து, அவர்களுக்கு மறுக்கிற சிரமத்தைக் கூட வைக்கவில்லை. சில இடத்தில் மறுத்திருப்பார்கள், ஏசியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். அப்படி என்றால் மறுத்தது அவர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

பகலில் மட்டும் தமிழ் ஆள் என்று அந்தக் கம்பனித் தலைவர் முதலில் பேரம் பேசிப் பார்த்தார். நான் விடவில்லை. கிளையில் விடியுமுன் லொறி ஏற்றுவார்கள். “சிங்களம் எந்த நேரமும் என்றால் தமிழும் எந்த நேரமும்” என்றேன். விலை கொஞ்சம் ஏறியது. முகாமைப் பணிப்பாளர் ஒப்புக்கொண்டார். புள்ளிக்கோட்டில் நான் பெரிதாகக் கையொப்பம் வைத்தேன், தமிழில். ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

வேலை மாறியது. இரும்புகள் போயின. அறையை இப்போது பழைய நாற்காலிகள் போட வைத்திருக்கிறார்கள். அழைப்பெல்லாம் அந்த இரண்டாவது கம்பனியின் மேசைக்குப் போகிறது. என் கதிரை இன்னும் இருக்கிறது, சின்னதாகத்தான்.

மாறிய முதல் வாரத்தில் என் சொந்த போனுக்குக் கிளிநொச்சிக் களஞ்சியக்காரர் அழைத்தார். காலை நேரம். நான் பஸ்ஸில் புறக்கோட்டையைத் தாண்டவில்லை.

“அக்கா, இது சரிவராது. நீங்கள் தமிழ் எண்டு சொன்னீங்கள்.”

“தமிழ்ல எடுக்கலையா?”

“எடுத்தது. ஒரு பொம்பிளைப் பிள்ளை. ஆனால் தோட்டத்துத் தமிழ் கதைக்குது அக்கா. ‘என்னாங்க, சொல்லுங்க’ எண்டுது. ஒழுங்கான தமிழ் கதைக்கிற ஒராளைப் போடச் சொல்லுங்கோ.”

எவ்வளவு சண்டை பிடித்து வாங்கிய வரி. ஒரு வாரம் ஆகவில்லை.

“அண்ணை, நானும் தோட்டத்து ஆள்தான். தெரியுமா?”

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

“இவ்வளவு வருஷம் என்கிட்டத்தானே கதைச்சீங்க. ஒரு நாள் உங்க பில் நிண்டுச்சா?”

“...இல்லை.”

“விளங்காம இருந்துச்சா?”

“இல்லை அக்கா, நான் அப்பிடி...”

“திரும்ப எடுங்க. அந்தப் பிள்ளை சொல்றதைக் கேளுங்க. மரியாதையாக் கதைங்க. இல்லாட்டி நான் அங்க வருவன்.”

பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயை மூடிப் பேசவில்லை. பார்க்கட்டும்.

கந்தோருக்கு வந்ததும் உதவி மேசைக்கு அழைத்து அந்தப் பிள்ளையைக் கேட்டேன். கிளிநொச்சியிலிருந்து ஒருவர் எடுத்தாரா என்றேன்.

“எடுத்தாருங்க மேடம். மொதல்ல நல்லா ஏசினாரு,” என்றாள். “அப்புறம் இன்னொரு தடவை எடுத்தாரு. அப்பவும் ஏசினாரு, ஆனா கொஞ்சம் கம்மி. லொறி போயிருச்சு மேடம்.”